ரெண்டு டிகிரி உயரத்தில் எமீமாள்

செல்போன் வந்துவிட்டிருந்தாலும் அதில் படம் வரத் தொடங்காத காலம் அது. ஒரு சித்திரை மாதத்தில், ஓய்வு பெற்ற தையல் டீச்சர் தங்கபுஷ்பம் மணக்காட்டுவிளை நடுத்தெருவில் தன் வீட்டு முற்றத்தில் எட்டடி அகலத்துக்கு ஒரு டிஷ்ஷை நட்டார். அது மற்ற வீட்டு டிஷ்களைப் போல வானத்தைப் பார்க்காமல், அடி வாங்கிய பிள்ளை மாதிரி விறைத்து நின்று எதிர்வீட்டுச் சுவரையே முறைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத் தெரு முழுக்கச் சிரித்தது.

"சட்டி தப்பா நிக்குதே தம்பி" என்றார் டீச்சர்.

டிஷ் மெக்கானிக் சேகு மைதீனுக்கு ஐம்பது வயது. பக்கத்து ஊர்க்காரர். அந்தக் கடற்கரையில் எந்த வீட்டில் படம் வராவிட்டாலும் அவருடைய மொபெட் சத்தம்தான் முதலில் வரும். "தப்பா நிக்கல டீச்சர். மத்த சேட்டிலைட்டெல்லாம் பருந்து மாதிரி, தலைக்கு மேல நிக்கும். நீங்க கேக்கிறது கோழி. வேலி உசரத்துக்கு மேல பறக்காது. கெழக்க, கடலுக்கு மேல, ரெண்டே ரெண்டு டிகிரியில நிக்குது. பூமி உருண்டையா இல்லாம இருந்தா இன்னும் கொஞ்சம் நல்லாத் தெரியும்."

"பூமியை ஒண்ணும் செய்ய முடியாதா?"

"அது நம்ம கையில இல்ல. எதிர்த்த வீட்டை வேணும்னா ஏதாவது செய்யலாம்."

எதிர்வீடு அருமைநாயகத்தினுடையது. பதினோரு வருஷமாக அந்த வீட்டின் தெருப்பக்கத்து ஜன்னல்கள் திறந்ததில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் டீச்சரின் ஒரே மகள் எமீமாளை அருமைநாயகத்தின் மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். வேதக்கோயிலில் இரண்டாவது ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும்போது, ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று சபைப் பாதிரியாரான ஐயர் வழக்கப்படி கேட்டுவிட்டு, வழக்கப்படி அடுத்த பக்கத்தைப் புரட்டப் போன நேரத்தில், மணப்பெண்ணே எழுந்து நின்று "எனக்குச் சம்மதமில்லை" என்றாள். அன்று மத்தியானமே அருமைநாயகம் தெருப்பக்கத்து ஜன்னல்களை அடைத்தார். அன்று சாயங்காலம் டீச்சர் மகளிடம், "இனிமே உன் குரல் என் காதுல விழக் கூடாது" என்றார். எமீமாள் கீழ்ப்படிதலுள்ள பெண். நர்ஸ் படித்த சான்றிதழை எடுத்துக்கொண்டு கப்பலோ விமானமோ ஏறிப் போனவள் ஒரு போன்கூடச் செய்யவில்லை. கடிதமும் எழுதவில்லை. வாசிக்கும்போது குரல் கேட்டுவிடும் என்று நினைத்திருப்பாள். மாப்பிள்ளையாக இருக்க வேண்டிய பையன் இரண்டே மாதத்தில் வேறு பெண்ணைக் கட்டி, மஸ்கட்டில் இரண்டு பிள்ளைகளோடு நன்றாகத்தான் இருந்தான். அவமானம் மட்டும் அவன் கூடப் போகாமல் அப்பாவோடு வீட்டிலேயே தங்கிவிட்டது.

பசிபிக் தீவுக்காரர்களோடு கப்பலில் சமையல் வேலை பார்த்து அவர்கள் பாஷை பழகியிருந்த ஜெபமணி விடுமுறைக்கு வந்த இடத்தில்தான் சேதியைச் சொன்னார். பசிபிக் கடலில் வாலோமா என்று ஒரு தீவு, அங்கே எட்டு நாள் கப்பல் நின்றது, துறைமுகத்துச் சாப்பாட்டுக் கடையில் டிவியைப் பார்த்தால் வானிலை சொல்லுகிறது நம்ம எமீமாள். "கண்ணாடி போட்டிருக்கா. கொஞ்சம் சதை போட்டிருக்கா. அந்த ஊர் பாஷையில தண்ணியாப் பேசுதா. வெள்ளம் வந்தா நர்ஸா ஓடுறதும் அவதானாம், போனை எடுக்கிறதும் அவதானாம்." டீச்சர் கேட்டது ஒரே கேள்விதான்: "எத்தனை மணிக்கு?" அந்த ஊர் ராத்திரி ஏழு மணி, நமக்கு மத்தியானம் பன்னிரண்டரை என்றார் ஜெபமணி. மறுநாள் காலையில் டீச்சர் மைதீனுக்கு ஆள் அனுப்பினார்.

மைதீன் ஒரு மாதம் பாடுபட்டார். உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்த கனெக்டரை மாற்றினார், வயரை மாற்றினார், டிஷ்ஷின் மூக்கு நுனியில் இருக்கும் கருவியைக் கழற்றி இடப்பக்கம் கால் சுற்றும் வலப்பக்கம் அரைச் சுற்றும் திருப்பிப் பார்த்தார். டிஷ்ஷை மொட்டை மாடிக்கு ஏற்றினால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைத்தது, கீழே இறக்கினால் எதிர்வீடே மறைத்தது, வடக்கே நகர்த்தினால் முருங்கை மறைத்தது, முருங்கையை வெட்டினால் அதற்குப் பின்னால் இருந்த வைக்கோல் படப்பு மறைத்தது, படப்பைப் பிரித்தால் அதற்குப் பின்னால் நின்ற எருமை மறைத்தது, எருமையை ஓட்டிவிட்டால் அது போய்ச் சரியாக இரண்டு டிகிரியில் வேறொரு இடத்தில் நின்றது. தரை சூடாக இருந்தால் அந்தச் சூடே இரைச்சலாக டிஷ்ஷுக்குள் ஏறும் என்று மைதீன் சொன்னதால், தெருப் பெண்கள் தினமும் மத்தியானம் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து தரையைக் குளிரவைத்தார்கள். டீச்சரிடம் தையல் படிக்காத பெண் அந்தத் தெருவில் இல்லை என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மைதீனின் சிக்னல் மீட்டர் முள் மட்டும் அசையவில்லை.

கடைசியில் மைதீன் தரையில் குப்புறப் படுத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு எழுந்தார். "ஒரு வழிதான் இருக்கு. அந்த வீட்டுக் கெழக்கு ஜன்னலும் மேக்கு ஜன்னலும் ஒரே நேர்கோட்டுல இருக்கு. கடல்ல இருந்து வாற சிக்னல் கெழக்கு ஜன்னல்ல நுழைஞ்சு, ஹால் வழியா வந்து, மேக்கு ஜன்னல்ல வெளிய வந்தா நேரா நம்ம டிஷ்."

"மேக்கு ஜன்னலைத் திறக்கச் சொல்லி நான் கேக்க மாட்டேன்."

"அப்ப அவங்க வீட்டுக்கு அந்தப் பக்கம் டிஷ்ஷை வைப்போம்."

"அந்தப் பக்கமும் அவர் வயல்தான்."

ஆகவே டிஷ் எதிர்வீட்டு மேற்கு ஜன்னலைப் பார்த்தபடி நின்றது. அது அப்படி விடாமல் பார்த்துக்கொண்டிருந்ததாலோ என்னவோ, அதுவரை யாரும் கூப்பிடாமல் எங்கோ போய்க்கொண்டிருந்த அந்தத் தாழ்ந்த சிக்னல், வைகாசி பிறந்த முதல் வாரத்தில் எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. அடைத்த மேற்கு ஜன்னலில் ஒரு சட்டம் மட்டும் உளுத்து விழுந்து கையகலத்துக்குச் சந்து இருந்தது. அந்தச் சந்து வழியாக வெளியே வந்து, தெருவைச் சராசரி மனிதரின் வாய் உயரத்தில் கடந்தது. டிஷ்ஷுக்கு அது போதவில்லை. மனிதர்களுக்குப் போதுமாக இருந்தது.

முதலில் பட்டது பால்கார யோபுவுக்கு. தூக்குவாளியோடு தெருவைக் கடந்தவர் இரண்டு வீட்டுக்கும் நடுவில் வந்ததும் நின்று, நெஞ்சை நிமிர்த்தி, யாருக்கும் புரியாத பாஷையில் கணீரென்று ஏதோ அறிவித்துவிட்டு, ஓரடி எடுத்து வைத்ததும் பழையபடி "பால்..." என்றார். அவருக்குப் பின்னால் வந்த பொற்கொடி மதினி அதே இடத்தில் இடுப்புக் குடத்தோடு நின்று ஒரு பாட்டின் கடைசி இரண்டு வரியைப் பாடினார். அடுத்து வந்தவர் பஞ்சாயத்து உறுப்பினர். அவர் சிரித்தார், பல பேர் சேர்ந்து சிரிக்கிற மாதிரிச் சிரித்தார். ஜெபமணியைக் கூட்டிவந்து விசாரித்தபோது அவர், பார்த்தவர்கள் சொல்லிக்காட்டியதைக் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, யோபு சொன்னது ஏதோ பந்து விளையாட்டின் முடிவு, மதினி பாடினது டின் மீன் விளம்பரம், உறுப்பினர் சிரித்தது நகைச்சுவை நாடகம் என்று விளக்கினார். "வாலோமா டிவிதான். சந்தேகமே இல்ல. நல்ல கிளியரா வருது."

இதற்காக ஊர் ஒன்றும் இடிந்துபோய் உட்கார்ந்துவிடவில்லை. அந்த இடத்தில் தெருவின் குறுக்கே சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். அவசரக்காரர்கள் குனிந்து கடந்தார்கள், மரியாதைக்காரர்கள் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு கடந்தார்கள், சண்டைக்காரர்களின் சண்டை கோட்டின் மேல் நடந்தால் அந்தப் பேச்சு கணக்கில் வராது என்று பஞ்சாயத்துத் தீர்மானம் போட்டது. ஐயர் முதல் ஞாயிறு இதை வன்மையாகக் கண்டித்தார். இரண்டாவது ஞாயிறு, வீடு சந்திக்கப் போகும் வழியில் கோட்டைக் கடந்து தானே ஷாம்பு விளம்பரம் சொன்ன பிறகு, அந்நிய பாஷைகளைப் பற்றி நிதானமாகப் பிரசங்கம் செய்தார். பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளையின் தகப்பனார் கோட்டின் மேல் நின்று சுறாமீன்களைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார். நல்ல விஷயம் தெரிந்த குடும்பம் என்று பெண்வீட்டார் சம்மதித்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து நாலு வார்த்தைக்கு மேல் பேசாத தபால்காரர் வேதமுத்து தினமும் கால்மணி நேரம் கோட்டின் மேல் வந்து நிற்பார். அவர் மனைவி எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்துப் புருஷன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

டீச்சர் மட்டும் தன் வீட்டு வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். சிக்னல் வந்த மூன்றாம் நாள் மத்தியானம் சரியாகப் பன்னிரண்டரைக்குக் கோட்டின் மேல் அகப்பட்டவர் மறுபடியும் யோபுதான். கன்னத்தை உப்பிக் காற்று என்றார், கையை மேலும் கீழும் ஆட்டி அலை என்றார், ஜெபமணி பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார்: தென்கிழக்கிலிருந்து பலத்த காற்று, கரையோர மக்கள் கவனமாக இருக்கவும், தாழ்வான வீடுகளில் தண்ணீர் எவ்வளவு உயரம் என்று தெரிவிக்கவும். எல்லாம் முடிந்து யோபு நகரப் போனார். அப்போது அவர் வாய் ஜெபமணி தேவைப்படாத ஒரு வாக்கியத்தைத் தானாகச் சொன்னது.

"ஈரத் தலையோட நிக்காதிய பிள்ளைகளா, சளி பிடிக்கும்."

அது தையல் வகுப்பில் மழைக்காலம் முழுக்க டீச்சர் சொல்லுகிற வாக்கியம். அத்தனை பெண்களுக்கும் தெரியும். முப்பது வயது யோபுவின் கட்டைக் குரலில், மீசைக்குக் கீழேயிருந்து அது வந்தது. டீச்சர் யோபுவின் முன்னால் போய் நின்று, "இன்னொரு தரம் சொல்லு" என்றார்.

"என்னத்த டீச்சர்?" என்றார் யோபு. அதற்குள் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியிருந்தார்.

அதற்குப் பிறகு டீச்சர் தினமும் பன்னிரண்டரைக்குத் தானே கோட்டின் மேல் நின்றார். மகள் சொல்வது தன் வாயில் வரும், ஆனால் சொல்லிக்கொண்டிருக்கும்போது காதில் விழாது, சொல்லி முடித்த பிறகு நாக்கில் ஒரு சூடு மட்டும் இருக்கும். ஆனாலும் ஜெபமணி பக்கத்தில் நின்று அர்த்தம் சொல்லச் சொல்ல, நாற்பது நாளில் காற்று, அலை, வெள்ளம் என்று ஒரு நூறு வாலோமா வார்த்தைகளும் டின் மீன் பாட்டு முழுவதும் அவருக்குப் படிந்துவிட்டன. முகம் மட்டும் கிடைக்கவில்லை.

ஆடிக் காற்று தொடங்கிய வாரம் மைதீன் இரண்டு கெட்ட சேதியோடு வந்தார். "அந்த சேட்டிலைட் ரொம்பப் பழசு டீச்சர். எரிபொருள் தீந்துபோச்சு. நாளுக்கு நாள் எறங்குது. இப்ப நெஞ்சு உசரத்துக்கு வந்துட்டு, கவனிச்சியளா, உயரமான ஆளுக யாரும் இப்பல்லாம் பேசுறதில்ல. இன்னும் ஒம்பது நாள். அப்புறம் கடலுக்குள்ள."

"இன்னொண்ணு?"

"கெழக்கு ஜன்னல் வழியா வீட்டுக்குள்ள போற சிக்னலுக்கும் சந்து வழியா வெளிய வாறதுக்கும் கணக்கு ஒத்து வரல. முக்கால்வாசி உள்ளயே நின்னுபோகுது. அங்க எதுவோ மறைக்குது. இல்ல, யாரோ."

அன்று பன்னிரண்டு இருபதுக்கு டீச்சர் பதினோரு வருஷமாகக் கடக்காத தெருவைக் கடந்து, எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

அருமைநாயகம்தான் திறந்தார். உப்பளத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆறு வருஷத்துக்கு முன்னால் மனைவியை இழந்தவர், எழுபதை நெருங்கியும் முதுகு வளையாத மனிதர். ஹாலின் நடுவில், இரண்டு ஜன்னலுக்கும் நேர்கோட்டில், ஒரு சாய்வு நாற்காலி கிடந்தது. அதில் ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து குழிந்திருந்தது. கிழக்கு ஜன்னலுக்கு அப்பால் கடல் தெரிந்தது.

"அண்ணாச்சி, அந்த நாற்காலியைக் கொஞ்சம் நகத்தணும்."

"எதுக்கு?"

"நீங்க என் மகளை மறைக்கிய."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவசரமில்லாமல் உட்கார்ந்தார். "தெரியும் டீச்சர். ரெண்டு மாசமாத் தெரியும். மத்தியானம் ஆனா என் வாயில இருந்து அவ பேசுதா. மொத நாள் பயந்துட்டேன். கதவை எல்லாம் அடைச்சேன், தெருவுல யாருக்கும் கேட்டுரக் கூடாதுன்னு. அப்புறம் பழகிப்போச்சு. இந்த வீட்டுல ஆறு வருஷமாப் பேச்சுச் சத்தம் கெடையாது. மகன் மாசத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுதான், சாப்பிட்டியளான்னு கேப்பான், வச்சிருவான். இவ தெனமும் வாறா. ஈரத் தலையோட நிக்காதியங்கா. காதுல விழாட்டியும் நாக்குல நிக்குது. எனக்குத் தலையில முடியே இல்ல, இருந்தாலும் அவ சொன்னப்புறம் துண்டை எடுத்துத் துவட்டுதேன்." நிறுத்தி மூச்சு வாங்கினார். "நகர மாட்டேன் டீச்சர். கோயில்ல ஊர் முன்னாடி என் குடும்பத்தை வேண்டாம்னு சொன்ன பிள்ள. அவ எனக்குப் பட்டிருக்கிற கடன் இதுன்னு வச்சுக்கோங்க."

டீச்சர் நின்றுகொண்டே இருந்தார். அவருடைய கை சேலை முந்தானையின் ஓரத்தை மடித்து, தைக்கப் போகிற மாதிரி விரலால் நீவிக்கொண்டிருந்தது.

"அவ உங்களுக்கு ஒண்ணும் கடன்படல அண்ணாச்சி. நாந்தான் பட்டிருக்கேன். நிச்சயத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே அவ என்கிட்ட சொல்லிட்டா, எனக்கு இஷ்டமில்லம்மா, அவங்க வீட்டுல சொல்லிருன்னு. சொல்லுதேன்னேன். சொல்லல. நல்ல எடம், விட்டுட்டா கெடைக்காதுன்னு நெனச்சேன். மொத ஓலை வாசிச்ச அன்னைக்கும் அழுதா. சொல்லிட்டேன், அவங்க ஒத்துக்கல, வாயை மூடிட்டு இருன்னு பொய் சொன்னேன். அதுக்கப்புறந்தான் அவ எந்திரிச்சு நின்னா. உங்க ஜன்னலை அடைச்சது அவ இல்ல. நான்."

அருமைநாயகம் அவரைப் பார்த்தார். முகம் சிவந்தது. நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து, பதினோரு வருஷத்துக்கும் சேர்த்து எதையோ சொல்ல வாயைத் திறந்தார். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டரை.

"தென்கிழக்கிலிருந்து புயல் கரையை நெருங்குகிறது" என்று வாலோமா பாஷையில் கத்தினார் அருமைநாயகம். கண்ணில் கோபம் அப்படியே இருக்க, வாய் பதற்றமில்லாமல், பொறுப்பான ஒரு பெண்ணின் நிதானத்தோடு, காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் திறந்திருக்கும் பள்ளிக்கூடங்களின் பெயர்களையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனது. நடுவில் இரண்டு தரம் வாயைக் கையால் பொத்திப் பார்த்தார், கைக்குள்ளிருந்தும் புயல் வந்தது. டீச்சர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இப்போது பாஷை புரிந்தது. மகள் இருக்கிற இடத்துக்குத்தான் புயல் போகிறது. நாலாவது நிமிடத்தின் முடிவில், வியர்த்து வழிந்த அந்த மனிதர் டீச்சரை நேராகப் பார்த்துக்கொண்டே, "ஈரத் தலையோட நிக்காதிய பிள்ளைகளா" என்றார். பிறகு அவருக்கு அவருடைய வாய் திரும்பக் கிடைத்தது.

சொல்ல நினைத்திருந்தது என்ன என்று அவருக்கு மறந்துவிட்டிருந்தது. கொஞ்ச நேரம் தேடிப் பார்த்தார்.

"அங்க புயலா?" என்றார் கடைசியில்.

"ஆமா அண்ணாச்சி."

"அப்ப மொகத்தைப் பாக்கணும்" என்று எழுந்து நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டார்.

ஆனால் மேற்கு ஜன்னல் திறக்கவில்லை. பதினோரு வருஷத்து உப்பும் துருவும் கொண்டியைச் சட்டத்தோடு ஒட்டவைத்திருந்தன. தெரு ஆண்கள் எட்டுப் பேர் கயிறு கட்டி இழுத்தும் வரவில்லை. தச்சர் வந்து மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது இனி ஜன்னல் இல்லை, சுவர் என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் இதில் போயிற்று. மூன்றாம் நாள் சட்டத்தை அறுத்து எடுத்தபோது சிக்னல் அதற்குக் கீழே இறங்கிப்போயிருந்தது. அருமைநாயகம் ஒரு நிமிடம் யோசித்தார். "சுவரை இடிங்க" என்றார். கிழக்கிலும் மேற்கிலும் முழங்கால் உயரத்தில் சுவரில் ஓட்டை போட்டார்கள். டீச்சர் முற்றத்தில் குழி தோண்டி, எட்டடி டிஷ்ஷைப் பாதிக்கு மேல் அதற்குள் இறக்கினார்கள். மைதீன் குழிக்குள் நின்று, மண்ணை ஒரு பிடி எடுக்கச் சொல்வார், மீட்டரைப் பார்ப்பார், பாதிப் பிடியைத் திரும்பப் போடச் சொல்வார். தெருவில் இப்போது ஆடுகளும் நாய்களும்தான் செய்தி வாசித்தன. அவற்றின் பாஷையில் வாசித்ததால் யாருக்கும் பயனில்லை.

ஒன்பதாம் நாள் டீச்சர் டிவியைத் தூக்கி வந்து முற்றத்தில் ஸ்டூல் மேல் வைத்தார். மைதீன் மொபெட்டில் கடற்கரை வரைக்கும் போய்ப் பார்த்து வந்து, "கணுக்கால் உசரம்" என்றார். "இன்னைக்கு ஒரு நாள்தான். யாரும் நடுவுல நிக்காதிய. உக்காரவும் கூடாது. படுங்க."

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு மணக்காட்டுவிளை நடுத்தெரு முழுவதும் ஆடி வெயிலில், தண்ணீர் தெளித்த தரையில், கன்னத்தை மண்ணில் வைத்துப் படுத்தது. யோபு தூக்குவாளியைச் சாய்த்துவிட்டுப் படுத்தார். பொற்கொடி மதினி குடத்தைக் கவிழ்த்துவிட்டுப் படுத்தார். ஐயர் அங்கியோடு படுத்தார். வேதமுத்துவும் மனைவியும் கையைக் கோத்துக்கொண்டு படுத்தார்கள். எருமையைப் படுக்கவைக்க நாலு பேர் பாடுபட்டார்கள், அது தன் இஷ்டத்துக்குக் கடைசி நிமிடத்தில் படுத்தது. அருமைநாயகம் மட்டும் தன் வீட்டு ஹாலில் நின்றுகொண்டிருந்தார். பெற்ற தகப்பனுக்கு முன்னால்கூட வளையாத முதுகு அது. ஓட்டை வழியாக மைதீன், "அண்ணாச்சி, ரெண்டு காலும் தெரியுது" என்று கத்தினார். அவர் சுவரைப் பிடித்து, முழங்காலில் இறங்கி, பிறகு ஒவ்வொரு எலும்பாக மடித்து, சிமெண்டுத் தரையில் நீட்டிப் படுத்தார்.

மீட்டர் முள் எழுந்தது.

முதலில் கறுப்புப் புள்ளிகள், பிறகு கட்டம் கட்டமாக ஒரு நீலம், பிறகு எமீமாள். கண்ணாடி போட்டிருந்தாள். முன்நெற்றியில் கொஞ்சம் நரைத்திருந்தது. மழைக் கோட்டு போட்டு, தலையெல்லாம் நனைந்து, வெளியே எங்கேயோ போய் வந்த கோலத்தில் நின்று, பின்னால் சுழலும் வரைபடத்தைக் கையால் காட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து, மகள் சொல்வது எதையும் கேட்காமல், கழுத்தையும் காதையும் இடதுகைக் கடிகாரத்தையும் கோட்டின் இரண்டாவது பொத்தான் விட்டுப்போயிருப்பதையும் பார்த்தார். "துவட்டல பாரு" என்றார். "தலையைத் துவட்டவே இல்ல." அதற்குள் படம் கீழேயிருந்து கரையத் தொடங்கியது. கோட்டு போயிற்று, கழுத்து போயிற்று. கடைசியாகத் திரையின் மேல் ஓரத்தில், வெள்ளத்தில் சிக்கினவர்கள் கூப்பிட வேண்டிய போன் நம்பர் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. படுத்திருந்தவர்களில் யாரோ மண்ணிலேயே அதை எழுதிவைத்தார்கள். பிறகு திரையில் ஒன்றுமில்லை. சேட்டிலைட் கடலுக்குள் போய்விட்டது.

எல்லாரும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார்கள். டீச்சர் எழுந்து, மண்ணில் இருந்த நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, நேராகப் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார். அங்கேதான் எஸ்.டி.டி. பூத் இருந்தது. தெரு அவருக்குப் பின்னால் போனது.

கண்ணாடிக் கூண்டுக்குள் டீச்சர் நம்பரைச் சுழற்றினார். நெடுநேரம் கழித்து ஒரு ஆண்குரல் வாலோமா பாஷையில் ஏதோ கேட்டது. டீச்சருக்குத் தெரிந்த வார்த்தைகளில் மகள் என்ற வார்த்தை இல்லை, அம்மா என்பதும் இல்லை, மன்னிப்பு என்பதும் இல்லை. எனவே இருப்பதை வைத்துத் தொடங்கினார். "தென்கிழக்கிலிருந்து பலத்த காற்று வீசுகிறது" என்றார். ஆமாம் என்றது குரல். "கரையோர மக்கள் கவனமாக இருக்கவும்" என்றார். இருக்கிறோம், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று குரல் கேட்டிருக்க வேண்டும். டீச்சர் டின் மீன் பாட்டின் முதல் வரியைச் சொன்னார். பிறகு, "எமீமாள்" என்றார். "எமீமாள், எமீமாள்."

போன் கைமாறும் சத்தம் கேட்டது. களைத்துப்போன ஒரு பெண்குரல், அன்றைக்கு நூறு பேரிடம் கேட்ட கேள்வியை நூற்றோராவது தரம் வாலோமா பாஷையில் கேட்டது. டீச்சருக்கு அந்தக் கேள்வி நன்றாகத் தெரியும். அவரே தன் வாயால் நாற்பது தரம் கேட்டிருக்கிறார்.

தண்ணீர் எவ்வளவு உயரம் வந்திருக்கிறது?

"கழுத்து வரைக்கும் வந்துட்டு, பிள்ள" என்றார் டீச்சர் தமிழில்.

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பூத்துக்கு வெளியே நூறு பேர் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார்கள்.

"பேசு, எமீ. எனக்குக் கேக்கணும்."

"அம்மா" என்றாள் எமீமாள். அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியாததாலோ, பத்து வருஷமாக வெள்ளத்தில் மாட்டினவர்களுக்குச் சொல்லிப் பழகினதாலோ, அவளுக்கு வந்தது அந்த வாக்கியம்தான். "எங்கயும் போகாத. அங்கேயே இரி. நான் வாறேன்."

டீச்சர் அங்கேயே இருந்தார். வீட்டுக்கு வாங்க என்று யார் கூப்பிட்டும் வரவில்லை, அவ இங்கதான் இருக்கச் சொன்னா என்று சொல்லிவிட்டார். பூத்துக்காரர் ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார். போன் பேச வருகிறவர்கள் டீச்சரின் முழங்காலுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, ரகசியமானால் அவரைக் காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லிப் பேசினார்கள். பொற்கொடி மதினி காலையில் இட்லி கொண்டுவந்தார். மத்தியானச் சோறு அருமைநாயகத்தின் வீட்டிலிருந்து வந்தது. அவரே தூக்குச்சட்டியில் கொண்டுவந்து, டீச்சர் சாப்பிட்டு முடிக்கும்வரை வெளியே நின்று, அன்று தெருவில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுப் போவார். அவ்வளவு பேசக்கூடியவர் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. மைதீன் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் மொபெட்டை நிறுத்தி, புயல் ஓய்ந்துவிட்டதாம், விமானம் விடத் தொடங்கிவிட்டார்களாம் என்று சொல்லுவார். உட்கார்ந்த இடத்திலேயே டீச்சர் ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் ரவிக்கை தைத்துக் கொடுத்தார்.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம் திருச்செந்தூர் பேருந்து வந்து நின்றது. ஒரு கையில் பெட்டியும் இடுப்பில் இரண்டு வயதுப் பெண்குழந்தையுமாக எமீமாள் இறங்கி, அங்கே கூடியிருந்த யாரையும் பார்க்காமல், பூத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

டீச்சர் முக்காலியை விட்டு எழுந்து சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்.

"உள்ள வா பிள்ள" என்றார். "எடம் இருக்கு."